விலை குறைந்த சிந்தில் கனமான பேஸ் எடுப்பது எப்படி?

"என் சிந்தில் பேஸ் மெலிசாக வருகிறது, அடுத்து எதை வாங்கலாம்?" ஹார்டுவேர் சிந்தசைசர் (சுருக்கமாக சிந்த்) வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி இது. பேஸ் என்பது பாட்டின் அடியில் ஒலிக்கும் தாழ்ந்த சுரங்கள். பெரும்பாலும் எதையும் வாங்க வேண்டியதில்லை. 1982ல் வந்த ரோலண்ட் எஸ்எச்-101ஐப் பாருங்கள். அலையை உண்டாக்கும் ஒரு ஆஸிலேட்டர், அதன் அடியில் இன்னும் தாழ்ந்து ஒலிக்கும் ஒரு சப்-ஆஸிலேட்டர், ஒலியின் மேற்பகுதியை வெட்டும் ஒரு ஃபில்டர், சுரம் எப்படி எழுந்து அடங்குகிறது என்பதை வகுக்கும் ஒரே ஒரு என்வலப். முக்கியமாக அவ்வளவுதான் அதில் இருந்தது. அதன் பேஸ் ஒலியை இன்றுவரை ஆட்கள் தேடித் தேடி நகலெடுக்கிறார்கள். இன்று கிடைக்கும் சின்னச் சின்னக் கருவிகளில்கூட அதைவிட அதிகச் சரக்கு இருக்கிறது.

மெலிந்த பேஸுக்குக் காரணம் வழக்கமாக மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும்: தவறான கேபிள், ஒன்றையொன்று தின்றுகொள்ளும் ஆஸிலேட்டர்கள், அளவுக்கு மீறிய ரெசொனன்ஸ் (ஃபில்டர் வெட்டும் இடத்தில் ஒலியில் எழும் மேடு). மூன்றுக்கும் காசு செலவில்லை, கேபிளுக்கு மட்டும் கொஞ்சம் ஆகும்.

கனம் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது?

நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் ஸ்பீக்கரோ மடிக்கணினியின் ஸ்பீக்கரோ இந்த அடிச்சுரத்தை எழுப்பவே எழுப்பாது. இருந்தாலும் கைப்பேசியில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் என்ன வாசிக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, எப்படி? அடிச்சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று கூடவே ஒலிக்கும் மேற்சுரங்கள்தான் காரணம். 82, 124, 165, 206 என்று வரிசையாக மேற்சுரங்கள் காதில் விழுந்தால் போதும், அடியில் இருக்க வேண்டிய 41ஐ மூளையே நிரப்பிக்கொள்ளும்.

ஆகவே பேஸை மூன்று அடுக்காக நினைத்துக்கொள்வது வேலைக்கு உதவும். 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை அடி. இது உடம்பில் உணர்வது. 100 முதல் 300 வரை உடல். "கனமாக இருக்கிறது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான். அதற்கு மேல் ஒன்றரை ஆயிரம் வரை விளிம்பு. மற்ற வாத்தியங்களுக்கு நடுவே பேஸைக் கண்டுபிடிக்க வைப்பது இது. புதியவர்கள் அடியை மட்டும் ஏற்றிக்கொண்டே போவார்கள். மீட்டரில் முள் துள்ளும், காதில் ஒன்றும் ஏறாது.

இன்னொரு வம்பு நம் காதிலேயே இருக்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த அதிர்வெண்கள் காதுக்கு எட்டுவதில்லை. ஃபிளெட்சர், மன்சன் இருவரும் 1933லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ராத்திரி மெதுவாக வைத்துக்கொண்டு பேஸைச் சரிசெய்தால் அது மறுநாள் சத்தமாக வைக்கும்போது குமுறும். சாதாரணமாகப் பேசும் குரலைவிடச் சற்று உரக்க இருக்கும் ஓர் அளவைத் தேர்ந்தெடுத்து, குமிழின் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒலி அமைக்கும் வேலையெல்லாம் அந்தக் கோட்டில்தான்.

முதலில் கேபிள்

விலை குறைந்த சிந்துகள் பலவற்றில் வெளியீடு என்பது 3.5 மில்லிமீட்டர் ஹெட்ஃபோன் ஜாக்தான். கோர்க்கின் வோல்கா வரிசை நல்ல எடுத்துக்காட்டு. ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) இருப்பதோ பெரிய 6.35 ஜாக். இரண்டையும் இணைக்க ஒருபக்கம் சின்னது, மறுபக்கம் பெரியது என்று ஒரு கேபிளை வாங்கிச் செருகுவோம். பார்த்தால் சரியாகப் பொருந்தும். ஒலி மட்டும் எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். பேஸ் அறவே இருக்காது.

பின்னைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். உலோகத்தின்மேல் இரண்டு கறுப்பு வளையங்கள் இருந்தால் அதில் மூன்று இணைப்புகள் உள்ளன. ஹெட்ஃபோன் ஜாக் அந்த முனையில் இடது காதுக்கானதையும் நடுவில் வலது காதுக்கானதையும் அனுப்புகிறது. இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு உள்ளீடோ, முனையில் வருவதிலிருந்து நடுவில் வருவதைக் கழிக்கும். கேபிள் வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சலை நீக்க அது செய்யும் வேலை அது. இடதிலும் வலதிலும் ஒரே ஒலி வந்தால் கழித்த மிச்சம் என்ன? கிட்டத்தட்டப் பூஜ்ஜியம். சிந்தில் ஸ்டீரியோ எஃபெக்ட் ஏதாவது இருந்தால் இரு பக்கமும் வேறுபடும் பகுதி மட்டும் தப்பிப் பிழைக்கும். பேஸ் எப்போதும் நடுவில்தான் இருக்கும் என்பதால் முதலில் சாவது அதுதான்.

தீர்வு எளிது. ஒருபக்கம் ஸ்டீரியோ 3.5 பின், மறுபக்கம் இரண்டு தனித்தனி மோனோ 6.35 பின்கள் உள்ள பிரிப்புக் கேபிள் வாங்குங்கள். மோனோ சிந்த் என்றால் இரண்டில் ஒன்றை மட்டும் செருகினால் போதும். செருகும் இடத்தையும் பாருங்கள்: "லைன்" என்று இருக்க வேண்டும். கிட்டாருக்கான "இன்ஸ்ட்ருமென்ட்" பொத்தான் அழுந்தியிருந்தால், சிந்தின் ஒலி அதற்கு அதிகமாகிக் கரகரக்கும்.

அடியில் ஓயாத ஒரு ரீங்காரம் கேட்டால் அது பேஸ் இல்லை. மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் கிரவுண்ட் வழியாக ஏறி வருகிறது. யூஎஸ்பி கேபிளைக் கணினியிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் சிந்தை பேட்டரியிலோ தனி அடாப்டரிலோ ஓட்டிக்கொள்ளலாம். இந்த ரீங்காரம் பேஸ் இருக்கும் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்வதால், பின்னால் ஃபில்டர் போட்டு எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பேஸும் சேர்ந்து போகும்.

எந்தக் கருவி?

கையில் இருப்பதே போதும் என்பதுதான் என் கட்சி. இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் சில குணங்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கோர்க் வோல்கா பேஸில் மூன்று ஆஸிலேட்டர்கள் உண்டு, தனித்தனியாகச் சுருதி மாற்றலாம். கோர்க் மோனோலாகில் இரண்டு ஆஸிலேட்டர்கள், கூடவே ஒலியைக் கரகரக்க வைக்கும் ஒரு டிரைவ் குமிழ். ஆர்ட்டூரியா மைக்ரோப்ரூட்டில் ஆஸிலேட்டர் ஒன்றுதான். ஆனால் அதோடு சேரும் துணைச்சுரத்தை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழிருந்து பஞ்சமம்வரை திருப்பலாம். நோவேஷன் பேஸ் ஸ்டேஷன் 2ல் இரண்டு ஆஸிலேட்டரும் தனி சப்பும் இருக்கின்றன, இரண்டு வகை ஃபில்டரும் உண்டு. இந்த வரிசையில் விலை கூடியது அது, பேஸுக்கு வசதியானதும் அதுதான். பெரிங்கர் மாடல் டி, 1970ல் வந்த மினிமூக்கின் நகல். மூன்று ஆஸிலேட்டர், 24 டெசிபல் லேடர் ஃபில்டர். பெரிங்கர் டிடி-3 என்பது ரோலண்ட் டிபி-303இன் நகல். அது ஒரே ஒரு காரியத்தைச் செய்யும், அதை மிக நன்றாகச் செய்யும்.

அனலாக் கருவியாக இருந்தால் போட்டவுடன் சுருதி சேர்க்காதீர்கள். கால் மணி நேரம் சூடாகட்டும். சேர்க்கும்போது இரண்டு ஆக்டேவ் மேலே போய்ச் சேருங்கள். ரொம்பத் தாழ்ந்த சுரத்தில் காதும் தடுமாறும், ட்யூனரும் தடுமாறும்.

ஒலியை வெறுமையிலிருந்து எழுப்புவது

தொழிற்சாலையிலிருந்து வரும் ஒலிகளில் தொடங்காதீர்கள். கடையில் வாசித்துப் பார்ப்பவரை மயக்குவதற்காக அமைத்தவை அவை; எக்கோ, அசைவு எல்லாம் ஏற்றி வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் அணையுங்கள். ஓர் ஆஸிலேட்டர் மட்டும் ஒலிக்கட்டும், ஃபில்டர் முழுவதும் திறந்திருக்கட்டும், ரெசொனன்ஸ் பூஜ்ஜியம், எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாக அசைக்கும் அலை) பூஜ்ஜியம். என்வலப்பில் அட்டாக்கும் (சுரம் எழும் நேரம்) ரிலீஸும் (விசையை விட்டபின் அடங்கும் நேரம்) சுழியம், சஸ்டெய்ன் (விசையைப் பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு) முழுசு.

இப்போது அலைவடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ரம்ப அலையில் எல்லா மேற்சுரங்களும் உண்டு. சதுர அலையில் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை மட்டும். அதனால்தான் உள்ளே குழலோசைபோல ஒரு வெறுமை கேட்கிறது. முக்கோண அலையிலும் ஒற்றைப்படைதான், ஆனால் மேலே போகப்போக மிக வேகமாகத் தேய்ந்துவிடும். கிட்டத்தட்ட சுத்தமான அடிச்சுரம். பாட்டில் மற்ற வாத்தியங்கள் நிறைய இருந்தால் சதுரம், பேஸே முன்னால் நிற்க வேண்டுமென்றால் ரம்பம் என்று தொடங்குவேன். சதுர அலையின் அகலத்தை மாற்றும் குமிழ் இருந்தால் அகலம் சரிபாதியாக (50 சதவீதம்) இருக்கும்படி விட்டுவிடுங்கள். அகலத்தைக் குறுக்கக் குறுக்க அடிச்சுரம் வற்றி, ஒலி மூக்கால் பேசத் தொடங்கும்.

சில கருவிகளில் ஆக்டேவ் ஸ்விட்சில் 16, 8, 4, 2 என்று எண்கள் இருக்கும். பைப் ஆர்கனின் குழாய் நீளத்தை அடிக்கணக்கில் சொல்லும் வழக்கம் அது. நீளமான குழாய்க்குத் தாழ்ந்த ஒலி, ஆகவே 8லிருந்து 16க்குத் திருப்பினால் ஓர் ஆக்டேவ் இறங்கும்.

சப்-ஆஸிலேட்டர் இருந்தால் அதை இப்போது சேர்க்கலாம். முதன்மை ஆஸிலேட்டரின் அதிர்வெண்ணைப் பாதியாக்கி உண்டாக்குவது என்பதால் அது ஒருநாளும் சுருதி விலகாது. இல்லாவிட்டால் இரண்டாவது ஆஸிலேட்டரை ஓர் ஆக்டேவ் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். முதன்மையின் அளவில் பாதிக்குமேல் சப் வேண்டாம். தனியாகக் கேட்கும்போது "இன்னும் கொஞ்சம் இருக்கலாமே" என்று தோன்றும் இடத்திலேயே நிறுத்துங்கள்.

டீட்யூன்: பேஸைத் தின்னும் குமிழ்

இரண்டு ஆஸிலேட்டரையும் ஒன்றுக்கொன்று லேசாக விலக்கினால் ஒலி தடிமனாகும் என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். உயர்ந்த சுரங்களில் அது உண்மைதான். அடியில் கதையே வேறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 55 ஹெர்ட்ஸில் ஒரு சுரம் வாசிக்கிறீர்கள். ஓர் ஆஸிலேட்டர் 20 சென்ட் விலகியிருக்கிறது, அதாவது அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.64 ஹெர்ட்ஸ். அப்படியானால் ஏறத்தாழ ஒன்றரை நொடிக்கு ஒருமுறை இரண்டும் எதிரெதிரே வந்து, அடிச்சுரம் காணாமல் போகும். பிறகு திரும்பி வரும், மறுபடியும் போகும். உங்கள் பேஸ் வரியில் ஒரு சுரம் கனமாகவும் அடுத்தது காற்றில்லாத பந்துபோலவும் கேட்டால் காரணம் இதுதான். வாசிப்பதில் பிழை இல்லை. அந்தக் கணத்தில் அலைகள் எங்கே சந்தித்தன என்பதுதான் விஷயம். விலக்கத்தை 5 சென்ட்டாகக் குறைத்தால் அதே சுழற்சி ஆறு நொடிக்கும் மேல் நீளும். குறுகிய சுரங்களில் அது இன்னும் மோசம், ஏனென்றால் ஒரு சுரம் முழுக்கவே கனம் வராமல் போய்விடலாம்.

மூன்று ஆஸிலேட்டர் இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: ஒன்றை மட்டும் கீழ் ஆக்டேவில் தனியாக விட்டுவிடுங்கள், அதை யாரும் தொடக்கூடாது. மற்ற இரண்டையும் ஓர் ஆக்டேவ் மேலே ஏற்றி, அவற்றுக்குள் மட்டும் விலக்கம் கொடுங்கள். அசைவெல்லாம் மேலே நடக்கும், அடி அசையாமல் இருக்கும். இரண்டே ஆஸிலேட்டர் உள்ள கருவியில் தடிமனுக்கு டீட்யூனை நாடுவதைவிட, இரண்டாவதைப் பஞ்சமத்திலோ ஆக்டேவிலோ துல்லியமாகச் சேர்ப்பது எனக்குப் பிடிக்கும்.

ஃபில்டர்

கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடத்தை) முழுவதும் மூடிவிட்டு, ஒரு தாழ்ந்த சுரத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே மெல்லத் திறந்து வாருங்கள். முதலில் ஒரு மந்தமான முட்டல் மட்டும் கேட்கும். இன்னும் திறந்தால் சுரம் இன்னதென்று புரியும். இதை நல்ல ஸ்பீக்கரில் செய்யாமல் மடிக்கணினி ஸ்பீக்கரில் செய்து பாருங்கள். அதில் சுரம் புரியத் தொடங்கும் இடம்தான் உங்கள் கட்ஆஃபின் கீழ் எல்லை. அதற்குக் கீழே வைத்தால் பெரிய ஸ்பீக்கர் உள்ளவர்களுக்கு மட்டும்தான் உங்கள் பேஸ் கேட்கும்.

ஃபில்டர் 12 டெசிபலா, 24 டெசிபலா என்பது ஒரு ஆக்டேவுக்கு எவ்வளவு வேகமாக வெட்டுகிறது என்பதைச் சொல்வது. 24 உருண்டையாக, மூடியதாக ஒலிக்கும். 12இல் மேற்சுரங்கள் கொஞ்சம் கசியும், அதனால் கலவையில் எளிதாகக் கேட்கும். இரண்டில் ஒன்று உயர்ந்தது என்றில்லை.

ரெசொனன்ஸில்தான் கவனம் வேண்டும். மூக் பாணி லேடர் ஃபில்டர்களில் ரெசொனன்ஸை ஏற்ற ஏற்ற, கட்ஆஃபுக்குக் கீழே இருக்கும் எல்லாமே சத்தம் குறையும். கருவி கெட்டுப்போகவில்லை, ஒலியைத் திருப்பி எதிராக ஊட்டித்தான் அந்த ஃபில்டர் ரெசொனன்ஸை உண்டாக்குகிறது, அதன் விலை இது. குமிழ் காலே அரைக்கால் திரும்பினாலே அடி மெலிவதைக் கேட்கலாம். அந்த "வ்வாவ்" ஓசையும் வேண்டும், அடியும் வேண்டும் என்றால் மூன்று வழி. ஒன்று, ஃபில்டரை 12க்கு மாற்றிப் பாருங்கள். இரண்டு, ரெசொனன்ஸைக் கொஞ்சமாக வைத்துக் கட்ஆஃபை அடிச்சுரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். அப்போது ரெசொனன்ஸின் மேடு அடிச்சுரத்தையே தூக்கிவிடும். விசைக்கு ஏற்ப ஃபில்டர் நகரும் கீ டிராக்கிங் இருந்தால் அதை முழுதாகத் திறந்தால்தான் இது எல்லாச் சுரத்துக்கும் பலிக்கும். மூன்றாவது வழி இரண்டு தடவை பதிவு செய்வது. அதற்குப் பிறகு வருகிறேன்.

என்வலப்: முதல் சில மில்லிநொடிகள்

41 ஹெர்ட்ஸில் ஒரு முழு அலை முடியவே 24 மில்லிநொடி ஆகும். அட்டாக் சுழியத்தில் இருந்தால் அலை பாதி வழியில் திடீரென்று முளைக்கும்; அதுதான் "டிக்" என்ற சத்தம். கொஞ்சம் டிக் நல்லது, பேஸுக்கு அது முன்விளிம்பு கொடுக்கிறது. எரிச்சலாக இருந்தால் அட்டாக்கை ஒரு மயிரிழை மட்டும் திருப்புங்கள். பத்து மில்லிநொடியைத் தாண்டினால் பேஸ் பின்தங்கி வருவதுபோல் தோன்றத் தொடங்கும்.

குத்தும் ஒலி வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்டாதீர்கள், ஃபில்டர் என்வலப்பைத் தொடுங்கள். அளவு மூன்றில் ஒரு பங்கு, டிகே (உச்சத்திலிருந்து இறங்கும் நேரம்) சுமார் 80 முதல் 150 மில்லிநொடி, சஸ்டெய்ன் சுழியம். ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று திறந்து உடனே இருட்டிவிடும். காது அந்தப் பளிச்சைக் குத்தாக எடுத்துக்கொள்கிறது. டிகேயை நீட்டினால் அதே ஒலி ரப்பர்போல இழுபடும். குமிழை வாசித்துக்கொண்டே சுழற்றினால் இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை பேஸ்கள் இருக்கின்றன என்பது தெரியும். புதியவர்கள் ஒரு மாலைப்பொழுதை இந்த ஒரு குமிழுக்கு மட்டுமே ஒதுக்கலாம்.

சத்தத்துக்கான என்வலப்பில் ரிலீஸ் குறைவாக இருக்கட்டும். முந்தின சுரத்தின் வால் அடுத்த சுரத்தில் மோதினால் வரும் குழைவை எந்த ஈக்யூவும் (அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்குவது) சரிசெய்யாது.

கரகரப்பு

ஓவர்டிரைவ் என்பது ஆவேசமான இசைக்கு மட்டும் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். சுத்தமான அடிச்சுரத்திலிருந்து புதிதாக மேற்சுரங்களைப் பிறப்பிப்பதுதான் அதன் வேலை. கேட்டவுடன் "டிஸ்டார்ஷன்" என்று தெரியாத அளவுக்கு, கொஞ்சமாகச் சேர்த்தாலே பேஸ் சின்ன ஸ்பீக்கருக்கு ஏறிவிடும். மோனோலாகில் டிரைவ் குமிழைக் கால்பங்கு திருப்புங்கள். பேஸ் ஸ்டேஷன் 2இல் ஓவர்டிரைவ் ஃபில்டருக்கு முன்பும் டிஸ்டார்ஷன் ஃபில்டருக்குப் பின்பும் வருகின்றன. முன்னால் கரகரப்பைச் சேர்த்து ஃபில்டரால் மூடினால் வெதுவெதுப்பு. பின்னால் சேர்த்தால் கடி. பேஸுக்கு நான் முன்னதையே நாடுவேன்.

மினிமூக் காலத்துத் தந்திரம் ஒன்று உண்டு: ஹெட்ஃபோன் வெளியீட்டை அதே கருவியின் வெளி உள்ளீட்டுக்குத் திருப்பி விடுவது. ஒலி தன்மேலேயே ஏறித் தடிக்கும். மைக்ரோப்ரூட்டில் உள்ள "ப்ரூட் ஃபேக்டர்" குமிழ் இதையே கேபிள் இல்லாமல் செய்கிறது. முதல் பாதியில் இனிமை, அதற்கு மேல் கூச்சல். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

கிட்டார் ஓவர்டிரைவ் பெடல் கையில் இருக்கிறதே என்று செருகினால் அடி பறந்துவிடும். கிட்டாருக்குத் தேவையில்லாத தாழ்ந்த பகுதியை வெட்டித்தான் அவற்றில் பலவற்றை அமைத்திருக்கிறார்கள். பேஸ் கிட்டாருக்கென்று செய்த, "பிளெண்ட்" குமிழ் உள்ள பெடல் என்றால் சுத்தமான ஒலியையும் கரகரப்பையும் கலந்துகொள்ளலாம்.

ஒரே சிந்தில் இரண்டு அடுக்கு

மேலே சொன்ன மூன்றாவது வழி இது. விலை குறைந்த ஒற்றைக்குரல் சிந்தைப் பெரிய கருவியாக்கும் வழியும் இதுதான். பேஸ் வரியை சீக்வென்சரில் (சுரங்களை நினைவில் வைத்துத் தானே வாசிக்கும் பகுதி) ஏற்றிக்கொள்ளுங்கள். முதல் தடவை பதிவு செய்யும்போது முக்கோணமோ சதுரமோ, ஃபில்டர் நன்றாக மூடியபடி, ரெசொனன்ஸ் இல்லாமல்: வெறும் அடி. இரண்டாவது தடவை அதே வரியை ரம்ப அலையில், ரெசொனன்ஸோ டீட்யூனோ கரகரப்போ ஆசைதீரச் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பிறகு கணினியில் இந்த இரண்டாவதில் 120 முதல் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டிவிடுங்கள். இந்த வெட்டு இல்லாவிட்டால் இரண்டு அடியும் ஒன்றையொன்று கழிக்கும். டீட்யூனில் பட்ட அதே பாடு.

அடி அடுக்கை நடுவிலேயே, மோனோவாக விடுங்கள். கோரஸ், எக்கோ, அகலம் எல்லாம் மேலடுக்குக்கு மட்டும்.

வேறு சில திசைகள்

டிபி-303 வகை ஆசிட் ஒலிக்கு (நெளிந்து கீச்சிடும் பேஸ்) சூத்திரம் சின்னது: ரம்ப அலை, ரெசொனன்ஸ் முக்கால், குறுகிய டிகே, சில சுரங்களில் மட்டும் ஆக்சென்ட் (அழுத்தம்), சிலவற்றில் ஸ்லைடு (அடுத்த சுரத்துக்குச் சறுக்கல்). கிட்டார் வாசிப்பவருக்குத் துணையாகப் பேஸ் வாசிக்கட்டும் என்று செய்த கருவி அது. 1984ல் உற்பத்தி நின்று, பழைய சாமான் விலைக்கு வந்த பிறகுதான் அதற்கு வாழ்வு வந்தது. இந்த ஒலியில் கனத்தை எதிர்பார்க்காதீர்கள்; அடியை கிக் டிரம்மிடமோ தனி சப்பிடமோ விட்டுவிட வேண்டும்.

ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி எழுப்பும் எஃப்எம் சிந்துகள் பலவற்றில் ஃபில்டர் கிடையாது, ஆனால் பேஸ் அபாரமாக வரும். 1983ன் யமஹா டிஎக்ஸ்7 வழிவந்த கோர்க் வோல்கா எஃப்எம்மில் இரண்டு ஆபரேட்டர்களை (அலையை உண்டாக்கும் அலகுகளை) மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டின் விகிதமும் 1 என்று வைத்தால் எல்லா மேற்சுரங்களும் வரும். மற்றதை அசைக்கும் ஆபரேட்டரை 2க்கு மாற்றினால் ஒற்றைப்படை மட்டும் வரும், சதுர அலைபோல. அந்த ஆபரேட்டரின் என்வலப்பில் டிகேயைக் குறைத்தால் கம்பியைச் சுண்டிய குத்து கிடைக்கும். இதில் அடிச்சுரம் சுருதியோ சத்தமோ அலைவதில்லை. அனலாகில் அல்லாடியவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

வாசிப்பு

நிமிடத்துக்கு 120 தாளத்தில் பதினாறில் ஒரு பங்கு சுரம் 125 மில்லிநொடிதான் நிற்கும். 41 ஹெர்ட்ஸில் அதற்குள் ஐந்து அலைதான் அடங்கும். அவ்வளவு குறைந்த நேரத்தில் காதுக்குச் சுரம் எளிதில் பிடிபடாது. பெரும்பாலும் தட்டலாகத்தான் கேட்கும். வேகமான வரிகளை ஓர் ஆக்டேவ் மேலே வாசியுங்கள், நீண்ட சுரங்களை மட்டும் கீழே இறக்குங்கள். மந்தர ஸ்தாயியிலேயே கிடந்தால் கனம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்த்தால் திரும்பிப் போக மாட்டார்கள்.

சுரங்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். சீக்வென்சரில் கேட் நீளத்தை (ஒரு சுரம் ஒலிக்கும் நேரத்தை) முழுவதிலிருந்து முக்காலாகக் குறைத்தால் அதே ஒலி இரட்டிப்பாகக் குத்தும்.

கிக் டிரம்மோடு இருக்கும் சண்டையை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் மிகக் கீழான இடம். கிக் 50 ஹெர்ட்ஸை ஒட்டி ஆழமாக இருந்தால் பேஸ் 80க்கு மேல் வாசிக்கட்டும். பேஸ் ஆழமாக வேண்டுமென்றால் குறுகிய, சற்று உயர்ந்த கிக்கைத் தேர்ந்தெடுங்கள். கிக் விழும் இடத்தில் பேஸைத் தாழ்த்தும் சைடுசெயின் கம்ப்ரஸர் இல்லாதவர்கள், கிக் அடிக்கும் இடத்தில் பேஸ் சுரத்தையே வைக்காமல் அடுத்த இடத்துக்கு நகர்த்தலாம். செலவில்லாத வழி, பல நேரம் தாளத்துக்கும் அதுவே அழகு.

பதிவும் அறையும்

24 பிட்டில் பதிவு செய்யுங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருந்தால் போதும். சிந்தின் வால்யூம் முக்காலிலும் இன்டர்ஃபேஸின் கெய்ன் (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு) குறைவாகவும் இருந்தால் இரைச்சல் அடங்கும். பதிவானதில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் போடுங்கள். அங்கே கேட்கும்படியாக ஏதும் இல்லை, ஆனால் ஸ்பீக்கரின் பலத்தையெல்லாம் அது குடித்துவிடும். பேஸ் மந்தமாக இருந்தால் 200 முதல் 350க்குள் இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள். கீழே ஏற்றுவதைவிட இது பெரும்பாலும் பலிக்கும்.

கேட்கும் அறையை நம்பாதீர்கள். நான்கு மீட்டர் நீள அறையில் சுமார் 43 ஹெர்ட்ஸ் அலை சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டு நிற்கும். சுவரோரம் அந்தச் சுரம் முழங்கும், அறையின் சரிபாதியில் கிட்டத்தட்ட காணாமல் போகும். ஒரு தாழ்ந்த சுரத்தை அழுத்திப் பிடிக்க ஏதாவது கனமான பொருளை விசைமேல் வைத்துவிட்டு, எழுந்து அறையில் நடந்து பாருங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் எந்தச் சுரம் பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தினாலே மாறும். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் ஹெட்ஃபோனில் ஒருமுறை, கைப்பேசி ஸ்பீக்கரில் ஒருமுறை.

பெரிங்கர் மாடல் டி, மைக்ரோப்ரூட் போன்றவற்றில் அமைத்த ஒலியைச் சேமிக்க நினைவகம் இல்லை. பிடித்த பேஸ் கிடைத்தவுடன் குமிழ்களை நேர் மேலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தோடு அந்த ஒலியில் நான்கு சுரம் பதிவு செய்து ஒரே பெயரில் வையுங்கள்; குமிழின் கோடு ஒரு மயிரிழை மாறினாலும் ஒலி மாறும், அப்போது கடைசித் திருத்தத்தைக் காதுதான் செய்ய வேண்டியிருக்கும்.